பலகையின் பின்புறம்

எங்கள் பூர்வீக வீட்டை விற்றுவிடுவதென்று முடிவான பிறகு, அதில் மிச்சமிருந்த தட்டுமுட்டுச் சாமான்களைப் பங்கிட்டுக்கொள்வதற்காக, தம்பியும் தங்கையும் நானுமாக, மூவரும் தள்ளாத வயதை எட்டிவிட்ட நிலையில், ஒரு மாசி மாதத்து முற்பகலில் அங்கே போயிருந்தோம். பித்தளை அண்டா தங்கைக்கு, தேக்குப் பெட்டி தம்பிக்கு என்று எல்லாம் வழக்கில்லாமல் தீர்ந்தபின், சாப்பாட்டறைச் சுவரில் நான் பிறந்த நாள் முதலாக அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த பலகையை, யாரையும் கேளாமல் நானே கழற்றினேன். கறுப்பு வர்ணத்தின்மேல் வெள்ளை எழுத்து. கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு வேளைப் போஜனத்திலும் கண்ணுக்குப் புலப்படாமல் உடனிருப்பவர், நாம் பேசும் பேச்சையெல்லாம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் என்னும் பொருள்பட எழுதிய அந்தப் பலகை தொங்காத கிறிஸ்தவச் சாப்பாட்டறையை, அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் காண்பது அரிது.

பலகையைத் திருப்பிச் சிலந்திக்கூட்டைத் துடைத்தபோது, பின்புறம் ஒட்டியிருந்த காக்கித்தாள் கண்ணில் பட்டது. அதில் பென்சிலால், பொடி எழுத்தில், வரிசை வரிசையாகப் பெயர்கள். சில பெயர்களுக்கு எதிரே சரிக்குறி. சிலவற்றுக்குப் பெருக்கல் குறி. சிலவற்றின் பக்கத்தில் ‘பருப்பு, நெய்’ என்றும் ‘மீன்’ என்றும் ‘கருப்பட்டிக் காப்பி மட்டும்’ என்றும் குறிப்புகள். தாத்தாவின் கையெழுத்து. ஆயுசு முழுவதும் உபதேசியாராக ஊழியம் செய்து, ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று சபைப் புத்தகத்தில் குறித்துக் குறித்துப் பழகிய அந்தக் கை, ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை போலும். தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, “அண்ணா, இது நம்ம எட்டாவது நாற்காலிக் கணக்கு அல்லவா?” என்றாள்.

எட்டாவது நாற்காலியின் கதை இது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது தாத்தா ஒரு மேஜையையும் எட்டு நாற்காலிகளையும் எடுத்து வந்தார். அப்பா ரயில்வே உத்தியோகத்தில் வெளியூர்களிலேயே இருந்தபடியால், வீட்டில் நாங்கள் ஏழு பேர்: தாத்தா, பாட்டி, அம்மா, இளவயதில் தாலியிழந்து பிறந்த வீட்டிற்கே வந்துவிட்ட அத்தை, பிள்ளைகள் மூவர். மற்ற ஆறு நாளும் ஆண்கள் முதற்பந்தி, பெண்கள் கடைப்பந்தி என்னும் ஊர் வழக்கமே எங்கள் வீட்டிலும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது தாத்தாவின் சட்டம். அன்றைக்குத்தான் ஆட்டுக்கறி. விடியற்காலையிலேயே கறியை ஏற்றி, விறகை இழுத்துவிட்டுத் தணலில் வைத்துவிட்டுப் பாட்டி ஆராதனைக்கு வருவாள். பிரசங்கம் நீளுகிற ஞாயிறுகளில் அவள் முகத்தில் படரும் கவலை ஆத்துமாவைப் பற்றியதா, அடுப்பைப் பற்றியதா என்பதை அறிய ஐயருக்கும் ஆவல் இருந்திருக்கலாம்.

ஜெபம் முடிந்து, சோற்றில் கை வைக்கும் முன் தாத்தா காலியாயிருக்கும் நாற்காலியைப் பார்ப்பார். “இன்னைக்கு யாருல விருந்தாளி?” என்பார். ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை. வேதத்திலிருந்தோ, சரித்திரத்திலிருந்தோ, செத்தவரோ, இருப்பவரோ, யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். அழைத்தவர் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: அவருக்கு என்ன பரிமாறுவது, அவரிடம் முதலில் என்ன கேட்பது, இந்த மேஜையில் இந்த ஏழு பேரோடு அவர் மெய்யாகவே உட்கார்ந்து சாப்பிடுவாரா? தாத்தாவுக்கு முதல் இரண்டும் விளையாட்டு. மூன்றாவதற்கு அவர் நியாயாதிபதியாகிவிடுவார்.

முதல் வாரமே என் தம்பி, கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டு, “இயேசு சாமி” என்றான். தாத்தா பலகையைக் கைகாட்டி, “அவர் விருந்தாளி இல்லையே, வீட்டுக்காரர். நாம்தான் அவர் வீட்டிலே சாப்பிடுதோம். வேற ஆளைச் சொல்லு” என்றார். தம்பி சட்டென்று யோவான் ஸ்நானகனை அழைத்தான். பாட்டி குழம்பு அகப்பையும் கையுமாக நின்று, “வெட்டுக்கிளிக்கு நான் எங்க போவேன்? தேன் வேணும்னா குப்பியில இருக்கு” என்று சொன்னது இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பழமொழி; எதிர்பாராமல் யாராவது வந்துவிட்டால் எங்கள் பேரப்பிள்ளைகள்கூட, காரணம் தெரியாமலே, “வெட்டுக்கிளிக்கு எங்க போக?” என்கிறார்கள். பாட்டி தன் முறை வந்தபோது மார்த்தாளை அழைத்தாள். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டவள்தான், ஆனாலும் அடுக்களையில் ஒத்தாசைக்கு ஆகிறவள் மார்த்தாளே என்பது அவள் அபிப்பிராயம். காக்கித்தாளில் மார்த்தாளின் பெயருக்கு எதிரே பெரிய சரிக்குறி இருக்கிறது.

பேதுருவின் பெயருக்கு எதிரே இருப்பது விசித்திரமான குறி: பாதி சரி, பாதி பெருக்கல். அதைப் பார்த்ததும் தாத்தாவின் விளக்கம் ஞாபகத்துக்கு வந்தது. கலிலேயாக் கடலின் மீன்காரர், மீன்குழம்பென்றால் வருவார், சந்தேகமில்லை. ஆனால் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து பெரியவர்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டாரே, அதற்காகப் பவுல் அவரை முகத்துக்கு முகம் கண்டித்தாரே, அதனால் “வந்து உட்காருவார், தெருவில சொந்தக்காரன் தலை தெரிஞ்சா பாதியில எந்திரிச்சிருவார்” என்று தீர்ப்பு. கலாத்தியர் நிருபத்துக்கு இதைவிடச் சுருக்கமான வியாக்கியானத்தை நான் பிறகு எந்தப் பிரசங்கபீடத்திலும் கேட்கவில்லை.

வேதத்து மனிதர்கள் தீர்ந்து தமிழ்நாட்டுச் சரித்திரத்துக்கு வந்தபோதுதான் விளையாட்டில் ருசி ஏறியது. நான் வீரமாமுனிவரை அழைத்தேன். பரமார்த்த குருவையும் அவருடைய மட்டிச் சீடர்களையும் படைத்தவர் மேஜையில் இருந்தால் சிரிப்புக்குக் குறைவிராது என்பது ஒரு காரணம். மற்றொன்று சொந்தப் பகை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பாக இருந்ததைப் பிரித்து இரட்டைச் சுழிக்கொம்பைக் கொண்டுவந்தவர் அவரே என்று வாத்தியார் சொல்லியிருந்தார்; அந்தக் கொம்பை மாற்றிப் போட்டு நான் வாங்கிய பிரம்படிகளுக்கு அவரிடம் நியாயம் கேட்க வேண்டும். இத்தாலி தேசத்தில் 1680-இல் பிறந்து, இந்தத் தேசத்துக்கு வந்து, காவியுடுத்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்தவரிடம் எட்டு வயதுப் பையனுக்கு இருந்த வழக்கு அவ்வளவுதான். தாத்தா சிரித்துக்கொண்டே, “வருவார். ஆனா கறி தொடமாட்டார், பாட்டிகிட்ட ரசம் வைக்கச் சொல்லு” என்றார்.

வீரமாமுனிவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் பெயரும் தாளில் இருக்கிறது; எதிரே தடித்த பெருக்கல். அம்மாதான் அவரை அழைத்தாள். தத்துவ போதகர் என்று தமிழ்ப்பெயர் பூண்டு, சந்நியாசி வேஷத்தில் குடிசையில் வாழ்ந்து, பிராமணச் சமையற்காரர் ஆக்கித் தந்த மரக்கறிச் சோற்றை ஒரே வேளை உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்று, மேல்சாதியார் காதுகொடுத்துக் கேட்கும்படி வேதத்தைச் சொன்ன அந்த மகானை அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். தாத்தாவும் அவருடைய கல்வியைக் குறை சொன்னவரல்லர். ஆனால் அதே மதுரையில், அதே சேசு சபையைச் சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற வயோதிகக் குருவானவர், பரவர்களுக்கு ஊழியம் செய்தவர், தனியே இருந்தார். அவரோடு ஒன்றாக இருந்து உண்பதை நொபிலி விலக்கிவிட்டார். அந்தக் கிழவர் மேலிடத்துக்கு எழுதி எழுதி வழக்காடினார். அது கோவாவையும் தாண்டி ரோமாபுரி வரை போய், 1623-இல் போப்பு நொபிலியின் பக்கமே தீர்ப்புச் சொன்னார். “போப்பு சரின்னு சொல்லட்டும். நம்ம குழம்பு வாசத்துக்கே அவர் தெருக்கோடியில திரும்பிருவார். நீ கூப்பிட வேண்டியது அந்தக் கிழவரை” என்றார் தாத்தா. அம்மாவுக்குக் கோபம். அடுத்த வரியில் ‘பெர்னாண்டஸ் சாமியார்’ என்று எழுதிச் சரிக்குறி போட்டிருக்கிறார், பாருங்கள்! அம்மாவுக்கு அது தெரியாமலே போயிற்று.

சீகன்பால்கு ஐயரைப் பற்றித் தாத்தா பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் கரையிறங்கிய இருபத்து நான்கு வயது ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் குந்தி, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இந்த இடம் வந்ததும் தாத்தா மேஜைமேல் உப்பைக் கொஞ்சம் கொட்டிப் பரப்பி, ஆள்காட்டி விரலால் ‘அ’ என்று எழுதுவார். அந்த உப்பைப் பாட்டி வாயால் வைதுகொண்டே கையால் வழித்து மறுபடியும் மரவையில் போடுவாள். டேனிஷ் தேசாதிபதி அந்த ஐயரை நான்கு மாதம் கோட்டையில் அடைத்தது, தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது, முப்பத்தாறு வயதில் அவர் இறந்துபோனது, இவையெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே வந்தவை. தாத்தாவுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்நாட்டாரின் தெய்வங்களையும் ஆசாரங்களையும் நீதிநூல்களையும் கேட்டுக் கேட்டு அவர் ஜெர்மன் பாஷையில் எழுதி அனுப்பினார். புறமதத்தை வேரறுக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புகிறாரே என்று ஹாலேயிலிருந்த மேலிடத்தார் அதைக் கிடப்பில் போட்டார்கள். தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்து ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து, 1867-இல், சென்னையில் அச்சேறிற்று. “நாம அவர்கிட்ட ஒண்ணும் கேட்க முடியாதுல. அவர்தான் கேட்பார். உங்க பாட்டிகிட்ட மசால் அரைக்கிற பக்குவம் கேட்டு ஓலையில எழுதிக்கிடுவார்” என்பார். அவருக்கு இரட்டைச் சரிக்குறி.

மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரை அழைத்தவன் தம்பி. ஹைதர் அலியையே நேரில் கண்டு பேசியவர் என்ற காரணத்துக்காக. அந்தப் பிரதாபத்தைத் தாத்தா லக்ஷ்யம் செய்யவில்லை. 1781-ஐ ஒட்டிய யுத்தத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, சர்க்கார் பேச்சை நம்பித் தானியம் கொண்டுவர ஒரு குடியானவனும் துணியாத சமயத்தில், பணத்துக்குத் தான் ஜவாப்தாரி என்று ஷ்வார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார்; மாடுகள் வந்தன, நெல் வந்தது, சொன்னபடி பணமும் கொடுபட்டது. “சோறு போட்டவருக்குச் சோறு போடுதது ஒரு பெருமையா? வருவார், வருவார்” என்று தாத்தா குறி போட்டிருக்க வேண்டும்.

ஷ்வார்ட்ஸை அழைத்தால் அவர் வளர்த்த பிள்ளையான வேதநாயக சாஸ்திரியாரையும் அழைக்கத்தானே வேண்டும்? பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து, தஞ்சாவூருக்குப் போய், சரபோஜி மகாராஜாவுக்குச் சிநேகிதராக இருந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவருடைய கீர்த்தனைகள் இல்லாவிட்டால் எங்கள் ஆராதனையில் பாதி நேரம் ஊமையாகிவிடும். அவரை அழைத்தவள் மறுபடியும் அம்மா. தாத்தா வெகுநேரம் பேசவில்லை. சாதி ஆசாரத்தைச் சபைக்குள் விட்டுவிட வேண்டியதில்லை என்று புதிய மிஷனரிகளோடு வாதாடியவர் அந்த மகா கவி. வில்சன் பிஷப் 1833-இல் சாதியை அறவே விட்டொழிக்கக் கட்டளையிட்டபோது தஞ்சாவூர்ச் சபை இரண்டுபட்டது. தாத்தா அந்தக் கீர்த்தனைகளைப் பாடிப் பாடி உருகியவர். சாகும்போதும் அவற்றில் ஒன்றையே பாடச் சொன்னவர். “பாட்டு மட்டும் வரட்டும்” என்றார் கடைசியில். தாளில் அந்தப் பெயர் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியிருக்கிறது. குறி ஒன்றுமில்லை.

அத்தை வாய் திறந்து விளையாட்டில் சேர்ந்தது ஒரே ஒரு தரம். அவள் பாப்பாத்தி அம்மாளை அழைத்தாள். பாளையங்கோட்டையில் 1785-இல் எழும்பிய ஆலயத்தை அந்தப் பெயரால் சுட்டும் வழக்கம் இன்றும் உண்டு; அதைக் கட்டினவள் கிளாரிந்தா. பிராமணக் குலத்து விதவை. ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவள். அந்த வாழ்வு விவாகம் அல்லவென்று ஷ்வார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் மறுத்து, அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல் கொடுத்தார். பிறந்த குலத்தார் தள்ளினார்கள். சேர்ந்த கூட்டத்தாரும் கொஞ்சகாலம் வாசலில் நிறுத்தினார்கள். அத்தை இதையெல்லாம் சொல்லவில்லை. எங்களுக்கு அது பிற்பாடு தெரிந்தது. அவள் செய்தது இவ்வளவே: அன்று தனியாக ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தில் பருப்பு வேகவைத்து, அதன்மேல் ஒரு கரண்டி நெய் விட்டு, எட்டாவது நாற்காலிக்கு எதிரே கொண்டுவந்து வைத்தாள். முதலில் என்ன கேட்பாய் என்று தாத்தா கேட்டதற்கு, “ஒண்ணும் கேட்கமாட்டேன். எல்லாரும் கேட்டிருப்பாங்க” என்றாள். அந்தக் கிண்ணத்தைச் சாப்பாடு முடிகிற வரை யாரும் தொடவில்லை. ‘பருப்பு, நெய்’ என்ற குறிப்பு அதுதான்.

தாத்தாவின் சொந்த விருந்தாளி அசரியா அத்தியட்சர். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றவரின் பிரசங்கத்தைத் தாத்தா வாலிபத்தில் கேட்டிருக்கிறார். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில், நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகங்களெல்லாம் பெரியவைதான், எங்களுக்கு வேண்டியவர்கள் சிநேகிதர்கள், சிநேகிதர்களைத் தாருங்கள் என்று துரைமார் நடுவில் எழுந்து கேட்ட தைரியத்தைத் தாத்தா வர்ணிக்கும்போது, துரையின் ஏலத்தில் எடுத்த நாற்காலியின் கைப்பிடியைத் தட்டுவார். பனங்காட்டு ஊரில் பிறந்த அந்த மனிதர் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்குப் போய், ஒருவர் கையில் மற்றவர் வாங்கி உண்ணாத மாலரையும் மாதிகரையும் ஒரே நற்கருணைப் பந்தியில் முழங்காலிடச் செய்தார். அவருக்கு என்ன பரிமாறுவது என்ற கேள்விக்குத் தாத்தா, “எனக்கு என்ன உண்டோ அது” என்றார்.

உயிரோடிருப்பவர் வரிசையில் முதல் பெயர் டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள். அழைத்தவள் என் தங்கை. அவளுக்கு அப்போது ஆறு வயது. 1931-இல் விழுந்து அடிபட்ட நாள் முதலாக அந்த அம்மாள் ஏறக்குறையப் படுக்கையிலேயே இருக்கிறார்கள், இங்கே வர முடியாதே என்றோம். “அப்போ தூக்குச்சட்டியில நாம கொண்டு போவோம்” என்றாள். தாத்தாவின் நியாயப்பிரமாணத்தில் இதற்கு இடமில்லை. ஆயினும் சரிக்குறி விழுந்தது. தூக்குச்சட்டி போகவில்லை. 1951 ஜனவரியில் அந்த அம்மாள் காலமான செய்தி வந்தது. அவர்கள் விருப்பப்படி கல்லறைக்கு நடுகல் வைக்காமல், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள் என்பதைக் கேட்டுத் தங்கை சமாதானமடைந்தாள்.

அதற்கடுத்த தடவை அவள் முறை வந்தபோது, “கோயில்குட்டித் தாத்தா” என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் அசனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகையில், வீட்டுக்கு வீடு வரி பிரித்து, கிடாய் வாங்கி, கோயில் வளவில் அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்துப் பனையோலைப் பாயில் மலைபோல் குவித்து, ஊரே ஒன்றாக உண்பது அசனம். புகை நெடியும் வடித்த கஞ்சியின் வாசமும் ஓலைப்பாயில் ஆவி பறக்கும் சோற்றின் மணமும் சேர்ந்த அந்தக் கலவையை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் நுகர்ந்ததில்லை. இப்போது சமையல் காண்டிராக்ட், பார்சல் டப்பா, வரிசையில் நின்று வாங்கி காரில் ஏறிப் போகிறார்கள். அது கிடக்கட்டும். பழைய அசனத்தைப் பெரிதாகப் புகழுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நாங்கள் பந்தியில் உட்கார்ந்து உண்போம். கீழத்தெருவார் ஓலைப்பெட்டி கொண்டுவந்து, பந்தி முடிந்தபின் வாங்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்குப் போய் உண்பார்கள். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் இருக்கச் சொன்னதுமில்லை. அந்தத் தெருவிலிருந்து வந்தவர்தான் கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்கேற்றி, குழிவெட்டி வந்த கோயில்குட்டிக் கிழவர். எங்கள் வீட்டில் அவருக்கு என்று ஓர் அலுமினியத் தட்டு உண்டு. அது அடுக்களையில் இராது. புறவாசல் எரவாணத்தில் செருகியிருக்கும்.

தங்கை சொன்னதும், தாத்தா மூன்று கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பாட்டி, “பிள்ளை எதையாவது சொல்லும்” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து மணிக்கயிற்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் தாத்தா போய் ஏதோ பேசியதையும், அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டதையும் நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அவர் வந்தார். முன்வாசல் வழியாகத் தாத்தாதான் அழைத்து வந்தார். எட்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காரும்” என்றார். அவர் நாற்காலியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு சுவரோரமாகத் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை சொல்லியும் எழுந்திருக்கவில்லை. தாத்தா சற்றுநேரம் நின்றார். அப்புறம் தம்முடைய எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு, முழங்கால் வாதத்தோடு மேஜைக் காலைப் பிடித்து மெல்ல இறங்கி, அவருக்கு எதிரே தரையில் அமர்ந்தார். பிறகு அத்தை இறங்கினாள். அப்புறம் நாங்கள் எல்லாரும். எட்டு நாற்காலியும் காலியாக மேஜையைச் சுற்றி நின்றதைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தது எனக்கு ஞாபகமிருக்கிறது.

அவர் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். வீட்டில் கிழவிக்கு என்று ஓலைக்கொட்டானில் வாங்கிக்கொண்டார். விளையாட்டைத் தாத்தா அவருக்கும் விளங்கச் சொல்லி, “நீர் யாரைக் கூப்பிடுவீர்?” என்று கேட்டார். ஏதோ வேத வினா கேட்கிறார் என்று அவர் பயந்துபோனார். வெகுநேரம் கழித்து, “அய்யா, நம்ம பய சிலோனுக்குப் போயி ஒம்பது வருசமாச்சு. காயிதம் நின்னும் நாலு வருசமாச்சு. அவன் வந்து உக்காந்தாப் போதும்” என்றார். பாட்டிதான், “அவனுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டாள். “உளுந்தங்களி. கருப்பட்டி நெறையப் போடணும்” என்றார்.

அதன்பின் அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவதும், நாங்கள் தரையில் இறங்குவதும் வழக்கமாயிற்று. ஊரில் இரண்டு வீட்டார் எங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினார்கள். வார நாட்களில் அவருக்கு எரவாணத்து அலுமினியத் தட்டில்தான் சோறு. அதை எடுத்து உள்ளே வைக்க வேண்டுமென்று தாத்தா உள்பட ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுதாமல் விடுவது பொய்யாகும். மூன்றாம் வருஷம் கிழவர் இறந்தார். ஊருக்கெல்லாம் குழி வெட்டினவருக்குக் குழி வெட்டக் கூலிக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. அதோடு விளையாட்டும் நின்றுபோயிற்று. அல்லது, நாங்கள் விடுதிப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டபடியால் நின்றதோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பலகை இப்போது சென்னையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்குகிறது. ஆறு நாற்காலி, உண்பவர் இருவர், ஒரு நாற்காலியில் எப்போதும் இஸ்திரி போட வேண்டிய துணி. மாட்டுவதற்கு முன் காக்கித்தாளைக் கண்ணாடி வைத்து ஒருதரம் முழுவதும் படித்தேன். கடைசி வரியில், சிலோனுக்குப் போன அந்தப் பையனின் பெயரைத் தாத்தா தெளிவாக எழுதியிருக்கிறார். பக்கத்தில் ‘உளுந்தங்களி’ என்ற குறிப்பு. அதற்கு எதிரே சரிக்குறியும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை.